பச்சையாகவே இருந்த படலம்

காலையில் எழுந்து பல் தேய்த்தேன். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்தேன். பால் காய்வதற்குள் சட்டையை இஸ்திரி போட்டேன். இரண்டாவது கையை மடிக்கும்போது வாசல் பெட்டியிலிருந்து என் மனைவி பேசினாள்.

“இனிய காலை வணக்கம். இன்று உங்கள் காற்று நலமாக இருக்கிறது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.”

திறக்கவில்லை. காபி கலந்து ஒரு தம்ளர் குடித்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

நாச்சியார் இறந்து ஒரு வருடம் ஆகிறது. பெட்டியில் பேசுவது அவள் வேலை பார்த்த நிறுவனம். அவள் நடத்திய பயிற்சி வகுப்புகளின் பதிவுகள் அவர்களிடம் இருந்தன. அதிலிருந்து குரலைப் பிரித்தெடுத்து வெள்ளாங்காட்டின் எல்லா வாசல்களிலும் வைத்துவிட்டார்கள். அஞ்சலி என்றார்கள். உயிரோடு இருந்தவரை அவள் யாருக்கும் இனிய காலை வணக்கம் சொன்னதில்லை. “ஈர டவல கட்டில்ல போடாதேன்னு எத்தன தடவ சொல்றது பரணி” என்பதுதான் எனக்குக் கிடைத்த காலை வணக்கம்.

பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். கழற்றினால் வீட்டுக் காற்று சிவப்பு, அதாவது கெட்டது, என்று கணக்காகும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்றார்கள். விட்டுவிட்டேன்.

அன்று கதவைத் திறந்தபோது கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. மறுநாள் ஆயுத பூஜை. பைக்குள் பொரி, சந்தனம், குங்குமம், ஒரு பெரிய கற்பூர டப்பா. டப்பாவின் மேல் நாச்சியாரின் படம். அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் அவளுக்குத் தும்மல் வரப்போகிறது. கீழே அச்சடித்திருந்தார்கள்: ‘காற்றுக்கு நன்றி சொல்வோம். உங்கள் வாசல் படலத்துக்கும் பூஜை செய்யுங்கள்.’

பையை உள்ளே வைத்தேன். பூட்டினேன். வேலைக்குப் போனேன்.

வெள்ளாங்காடு கடலோரத் தொழிற்பேட்டை. உரம், தோல், சாயம், பூச்சிமருந்து, எல்லாம் செய்கிறார்கள். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது மட்டும் பல வருடங்களாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. தெரிந்தவர்கள் வேறு ஊரில் வீடு கட்டியிருந்தார்கள். நாச்சியார் செய்த படலம் வந்தபிறகுதான் அது ஊருக்குத் தெரிந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு. கெட்ட வாயு பட்டால் பச்சை மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். அவ்வளவுதான் பார்ப்பதற்கு.

முதல் தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல என்ன இருக்கு?” என்றேன்.

“ஓட்டை.”

“வெறும் ஓட்டைக்கா மூணு வருஷமா வீட்டுக்கு லேட்டா வர?”

“ஓட்டைதான்டா சரக்கு. மத்ததெல்லாம் ஓட்டையச் சுத்திச் சுவரு. உள்ளங்கை அளவு படலத்தோட உள்பக்கத்தைப் பிரிச்சு விரிச்சா இந்த ரூம் தரை முழுக்க வரும். வாயு அந்த ஓட்டைக்குள்ள போய் ஒட்டிக்கும். ஒட்டினா நிறம் மாறும். சூடு பண்ணினா எல்லாம் வெளிய போயிடும், படலம் மறுபடி புதுசு.”

“அழுகின முட்டை நாத்தம் வந்தா எனக்கே தெரியுமே. இதுக்கு எதுக்குப் படலம்?”

அவள் தோசையைப் பிட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள். “இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சூண்டு இருந்தாலே மூக்கு கத்தும். அந்த அளவு ஆளைக் கொல்லாது. கொல்ற அளவு வந்ததும் மூக்கு மரத்துப் போயிடும். நாத்தம் நின்னுடும். ஆளு ‘அப்பாடா’ன்னு நிப்பான். அந்த இடத்துல மூக்குக்குப் பதிலா ஒண்ணு வேணும். அதான் இது. மூக்கு செத்த பிறகு சிவக்கும்.”

“அப்ப இது செத்தா?”

“சாகாது. பெரிய சைஸ் மூலக்கூறு எதையும் கிட்ட கொண்டு போகாம இருந்தாப் போதும். ஊதுபத்தி, கற்பூரம், கொசுவத்தி. உள்ள போக முடியாம வாசல்லயே உக்காந்துக்கும். பஸ் படிக்கட்டுல ஒரு குண்டு ஆளு நின்னுட்டா உள்ள காலியா இருந்தாலும் எவனும் ஏற முடியாதில்ல? அப்படி.”

இதையே எல்லாப் படலங்களின் பக்கத்திலும் எழுதி ஒட்டினாள். ‘கற்பூரம், ஊதுபத்தி கூடாது.’ மத உணர்வு புண்படுகிறது என்று நிறுவனம் அதைக் கிழிக்கச் சொன்னது. கிழித்தார்கள். வகுப்பில் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஊருக்குக் காற்றின் நிறம் தெரிந்ததும் என்ன நடந்தது? சிவப்பு வந்த இடத்தில் ஆலைகள் புகைபோக்கியை மாற்றவில்லை. சிவப்பு வந்த வீதியின் பெயரை மாற்றினார்கள். பாரதியார் வீதி, பசுமை வீதி ஆனது. பச்சை வீதிகளில் வாடகை ஏறியது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு வாசல் நிறமும் கேட்டார்கள். எங்கள் கவுன்சிலர் தன் வீட்டுப் படலத்தை ஏசிக்கு நேராக ஒட்டிக்கொண்டு, தன் வார்டில் காற்று நன்றாக இருப்பதாகப் பேட்டி கொடுத்தார். மூச்சுத் திணறுகிறவன் மூச்சுத் திணறுகிறது என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவன் படலத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “பச்சையாத்தானே இருக்கு, உனக்கு என்ன கொள்ளை?” என்றான்.

நாச்சியார் சிரித்தாள். “தெர்மாமீட்டர் வாங்கிக் குடுத்தா காய்ச்சல் போயிடும்னு நெனச்சேன் பாரு” என்றாள்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு அவள் தன் அம்மாவைப் பார்க்கக் கோவில்பட்டி போயிருந்தாள். திரும்பி வந்த அன்றே படலம் வைத்த நிலையங்களைப் பார்க்கக் கிளம்பினாள். லீவு போட்டுவிட்டு வந்தால் எல்லாப் படலங்களையும் ஒரு சுற்று பார்ப்பது அவள் வழக்கம். கடைசியாகக் கழிவுநீர்க் கிணற்றின் பம்ப் அறை. மாலையில் அங்கிருந்து எனக்கு ஃபோன் செய்தாள். கொஞ்ச நேரம் பேசினாள். அப்புறம் பம்ப் ஆபரேட்டர் தவமணி டீ குடித்துவிட்டு வந்து ஷட்டரை முழுக்கத் தூக்கியபோது தரையில் கிடந்தாள்.

விசாரணை வைத்தார்கள். அறையில் படலம் என்ன நிறம்? பச்சை. அப்படியானால் வாயு இல்லை. வாயு இல்லை என்றால்? இதயம். முப்பது வயது கூட நிரம்பாத இதயம். என்னையும் கூப்பிட்டார்கள்.

“ஃபோன்ல ஆபத்துன்னு ஏதாவது சொன்னாங்களா?”

“இல்ல.”

“போதும் சார்.”

நானும் அதற்கு மேல் சொல்லவில்லை. வாயு இருந்தது என்றால் அவள் படலம் தோற்றது என்று அர்த்தம். அவள் படலம் பொய் சொல்லாது. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இரண்டில் ஒன்றை நம்ப வேண்டும். படலத்தை நம்பினேன். என் ஃபோன் எல்லாப் பேச்சையும் பதிவுசெய்து வைத்துக்கொள்ளும். அந்தப் பேச்சை நான் மறுபடி கேட்கவில்லை.

மாலை வேலை முடிந்து வந்தபோது வாசலில் சம்பத் காத்திருந்தார். நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. துக்க வீட்டுக்கென்று தனியாக ஒரு முகம் வைத்திருப்பார். கதவைத் திறப்பதற்குள் அதை மாட்டிக்கொண்டார்.

“பரணி சார், நாளைக்குப் பூஜை. இன்னைக்கே மைதானத்துல தொடக்க விழா. நம்ம படலம் நூறு ஊருக்குப் போகுது. சேர்மன் வர்றார், அவர் வீட்டு மேடமும் வர்றாங்க. நீங்க மேடைக்கு வரணும்.”

“எதுக்கு?”

“நாச்சியார் மேடம் கடைசியா சொன்ன வார்த்தைய நீங்க சொல்லணும். அவ்வளவுதான். ரெண்டு வரி.” ஒரு தாளை நீட்டினார்.

வாசித்தேன். ‘என் உயிர் போனாலும் பரவாயில்லை, இந்த ஊர் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும்.’

“இத யார்கிட்ட சொன்னா?”

“உங்ககிட்டதான் சார்.”

“எனக்கு ஞாபகம் இல்லையே.”

“அதனாலதான் சார் டைப் பண்ணிக் கொண்டுவந்திருக்கேன்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த அளவுக்குத் திறமைசாலி.

“படலத்துக்குப் பூஜை பண்ணுங்கன்னு யார் கண்டுபிடிச்சது?” என்றேன்.

சம்பத் குரலைத் தாழ்த்தினார். “அது ஒரு பெரிய விஷயம் சார். உங்களுக்குச் சொல்லலையா? விசாரணைக்காக அந்தப் பம்ப் ரூம் படலத்தை லேபுக்கு எடுத்துட்டுப் போனாங்கல்ல. டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி சூடு பண்ணணுமாம், அதான் ரூல். சூடு பண்ணினதும் லேப் முழுக்கக் கோவில் வாசனை. கர்ப்பக்கிரகத்துல நிக்கற மாதிரி! எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்களாம். அப்புறம் டெஸ்ட் பண்ணினா படலம் பிரமாதமா வேலை செய்யுது. ஒரு குறை இல்ல. சேர்மன் வீட்டு மேடத்துக்குக் கண் கலங்கிடுச்சு. ‘அந்தப் பொண்ணு அதுக்குள்ளதான் இருக்கா’ன்னாங்க. அப்ப முடிவு பண்ணினதுதான் இந்தப் பூஜை.”

“கோவில் வாசனையா?”

“ஆமா சார். எனக்கு இப்ப சொல்லும்போதே புல்லரிக்குது பாருங்க.” கையை நீட்டிக் காட்டினார். புல்லரித்துத்தான் இருந்தது.

காரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதுவோ ஒன்று பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை. குளித்தேன். இஸ்திரி போட்ட இன்னொரு சட்டையை எடுத்தேன்.

கதவு தட்டப்பட்டது. சம்பத் எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தவமணி நின்றார். ஒரு வருடமாக என்னைப் பார்த்தால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர். கையில் அந்தத் துணிப்பை.

“உள்ள வாங்கண்ணே.”

“இல்ல தம்பி, இங்கயே நிக்கறேன்.” பையை வாசற்படியில் வைத்தார். “இத என் வீட்ல வச்சுக்க முடியல. அந்தப் பொண்ணு மூஞ்சி போட்டிருக்கு. கற்பூர டப்பால.”

“எல்லார் வீட்லயும்தான் இருக்கு.”

“எல்லாரும் என்னை மாதிரி இல்லையே தம்பி.” துண்டால் கழுத்தைத் துடைத்தார். “போன வருஷம் பம்ப் ரூம்ல நாங்க பூஜை போட்டோம். வருஷா வருஷம் போடறதுதான். மோட்டாருக்கு, பேனலுக்கு, ஸ்பானருக்கு எல்லாம் பொட்டு. அப்ப ஒருத்தன் சொன்னான், ‘நம்ம எல்லார் உசிரையும் காப்பாத்தறது இந்தப் படலம்தான், இதுக்கு வைக்காம மத்ததுக்கு வச்சா எப்படி’ன்னு. நியாயமாத்தான் பட்டுது.”

பையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“மேடம் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. தெரியும். ஆனா சாமிக்குக் காட்டறது எப்படித் தப்பாகும்னு நெனச்சோம். அவங்க படிச்ச புள்ள, அப்படித்தான் பேசும்னு விட்டுட்டோம். சந்தனம் குங்குமம் வச்சு, படலத்துக்கு நேர் கீழே தட்டுல கற்பூரம். கடல்காத்து அணைச்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால ஷட்டரை இறக்கிட்டு ஏத்தினோம். நிறையா ஏத்தினோம் தம்பி. மனசு நிறைஞ்சு ஏத்தினோம்.”

“அப்புறம்?”

“மேடம் லீவு முடிஞ்சு வர்றாங்கன்னதும் பயம். திட்டுவாங்கல்ல. ஈரத்துணி வச்சு சந்தனத்தை எல்லாம் சுத்தமா தொடச்சிட்டோம். கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. மூணு நாளா ஒரு மஞ்சள் கூட வரல. பூஜை பலிச்சிடுச்சுன்னு பேசிக்கிட்டோம்.” அவர் நிறுத்தினார். “தம்பி, கேக்கறதுக்குத்தான் வந்தேன். துணியால தொடச்சா போயிடும்தானே அது? கற்பூரம் எரிஞ்சா ஒண்ணுமே மிஞ்சாதே. அதானே கற்பூரம்?”

பஸ் படிக்கட்டு ஞாபகம் வந்தது. கோவில் வாசனை ஞாபகம் வந்தது. துணியால் துடைத்தால் போகாது. சூடாக்கினால் போகும். சூடாக்கினார்கள். வாசலை அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் லேபுக்குள் மணந்துகொண்டு வெளியேறியது. படித்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். பிறகு சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதினார்கள்.

“போகாதுண்ணே” என்றேன்.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எனக்கு எதுவுமே சரியான நேரத்தில் வருவதில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே போய் ஃபோனை எடுத்து அந்தப் பேச்சைக் கேட்டேன். ஒரு வருடம் முன்பு அது சாதாரணப் பேச்சாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

“நாளைக்கு ஊர் முழுக்க ஏத்தப் போறாங்கண்ணே. எல்லா வாசல்லயும். அப்புறம் நூறு ஊர்ல.”

“தெரியும் தம்பி. அதான் வந்தேன்.”

“மேடைல நான் சொல்லப் போறேன். உங்க பேரு வரும்.”

“வேலை போகுமா?”

“போகும்.”

தம்ளரில் இருந்த மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தார். “சரி. காரு பெரிசா? நானும் வர்றேன்” என்றார்.

மைதானத்தில் ஊரே இருந்தது. மடியில் எல்லாருக்கும் துணிப்பை. மேடையின் நடுவில் கதவு அளவுக்கு ஒரு படலம், பச்சையாக, மாலை போட்டு. அதன் கீழே பித்தளைத் தட்டில் கற்பூரம் மலை போல. சேர்மன் காற்றைப் பற்றிப் பேசினார். அவர் வந்த காரின் கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன. அவருடைய மனைவி பட்டுப்புடவையில் தீப்பெட்டியோடு தயாராக நின்றார். மேடை மைக்கை ஊரின் எல்லா வாசல் பெட்டிகளோடும் இணைத்திருப்பதாக சம்பத் பெருமையாக அறிவித்தார். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களும் வீட்டிலிருந்தே கேட்கலாமாம்.

“அடுத்து, நாச்சியார் மேடம் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளை, அவருடைய கணவர் நம்மோடு பகிர்ந்துகொள்வார்.”

கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை.

மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“யாரும் படலத்துக்குக் கற்பூரம் காட்டாதீங்க” என்றேன். “காட்டினா குருடாயிடும். பச்சையாவே இருக்கும். பம்ப் ரூம்ல அப்படித்தான் ஆச்சு.”

சலசலப்பு. மேடை நாற்காலியில் இருந்த ஒருவர், “இவருக்கு இன்னும் மனசு சரியாகல” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதுவும் மைக்கில் கேட்டது. சேர்மனின் மனைவி தீக்குச்சியை எடுத்துவிட்டார். சம்பத் என் முழங்கையைப் பிடித்தார்.

“சார், ரெண்டு வரி. ரெண்டே வரி.”

கூட்டத்தின் நடுவில் தவமணி எழுந்து நின்றார். “தம்பி சொல்றது நிஜம்” என்று கத்தினார். “ஏத்தினது நான். தொடச்சதும் நான்.” சுற்றியிருந்தவர்கள் அவரை உட்காரச் சொல்லி வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்காரவில்லை.

“அழுகின முட்டை நாத்தம் உங்க எல்லாருக்கும் தெரியும்” என்றேன். “வந்தா பயப்படாதீங்க. வந்த நாத்தம் திடீர்னு நின்னா, ஓடுங்க. இது நான் சொல்றதில்ல. நாச்சியார் உங்களுக்கு எடுத்த வகுப்புல முதல் பாடம். அவ ஏன் ஓடலைன்னு கேப்பீங்க. அவ ஒண்ணை நம்பினா.”

தீக்குச்சி பாதியில் நின்றது.

சம்பத்தின் கையை விலக்கிவிட்டு ஃபோனை மைக்கில் வைத்தேன். மேடையிலும், மைதானத்திலும், பூட்டிக் கிடந்த ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் முதலில் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். இனிய காலை வணக்கம் சொல்லாத குரல்.

“என்ன பண்ற? சாப்டியா? நான் பம்ப் ரூம்ல இருக்கேன். யப்பா, என்ன நாத்தம்டா இது, உன் டிபன் பாக்ஸ திங்கக்கிழமை தொறந்த மாதிரி. தவமணி அண்ணனக் காணோம், ஷட்டரையும் பாதில விட்டுட்டுப் போயிருக்காரு. இரு, படலத்தைப் பாத்துக்கறேன். பச்சைதான். நல்ல பச்சை. அட, நாத்தமும் நின்னுடுச்சு பாரு, காத்து திரும்பிடுச்சு போல. நீ எனக்காகக் காத்திருக்காம சாப்பிடு பரணி, நான் இதோ வந்துடறேன்.”